கோப்பறை எழுத்தரும் வெள்ளித்திரையும்

(லோதி ரோட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தலைநகரில் வாழும் தமிழர் ஆண்டுதோறும் கூடி மகிழும் இவ்விழாவில் வள்ளுவரையும் இளங்கோவடிகளையும் கம்பரையும் பற்றி உரையாற்றுதல் மரபு. அம்மரபு என்றும் வாழ்க. ஆயினும் இவ்வாண்டு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. சித்திரக் கதை எழுதிய ஓர் எழுத்தரின் வாழ்க்கை திரைப்படமான வரலாறும், அதனால் நாம் பெறக்கூடிய பாடமும் என்பதே அப்பொருள். "சித்திரக் கதையா? அது பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்திற்குள் மறைத்து வைத்துப் படிப்பதாயிற்றே! தமிழ்ச் சங்கத்து மேடையில் அதற்கு என்ன வேலை?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்த்துவிட்டு மேலே செல்வோம்.

படத்தால் கதை சொல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரத்து வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களை நினைத்துப் பாருங்கள். கி.பி. எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலில் பல்லவ மன்னர்களின் வரலாறு வரிசை வரிசையாகச் சிற்பங்களில் செதுக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நந்திவர்மன் அரசுரிமை பெற்றுக் காஞ்சிக்கு வந்த செய்தி அங்கே படிப்படியாகக் காட்டப்படுகின்றது. இன்ன காட்சி இன்னது என்று விளக்கும் எழுத்துக்களும் அருகே பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் காலத்து ஓவியர்கள் சுந்தரர் வரலாற்றைத் தீட்டினர். முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்காடுவதும், சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலை செல்வதும் அங்கே தொடர்ச்சியாக உள்ளன. தாராசுரத்துக் கோயிலிலோ அடியார்களின் வாழ்க்கை சிறு சிறு சிற்பங்களாக அமைந்து, பெயர்க் குறிப்புடனும் விளங்குகின்றது. படம், அதன்கீழ் எழுத்து, அதனை அடுத்து இன்னொரு படம்! இன்றைய சித்திரக் கதைக்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் கல்லிலேயே அமைந்துவிட்டன அல்லவா?

இன்னும் ஒன்று. தாராசுரத்துச் சிற்பங்களில் இடம் பெற்றவர் அரசர் மட்டுமல்லர். சேக்கிழார் பெருமான் குயவரையும் பாடினார், வண்ணாரையும் பாடினார், வலை வீசும் பரதவரையும் பாடினார். திருநீலகண்டரும் திருக்குறிப்புத் தொண்டரும் அதிபத்தரும் நாள்தோறும் தத்தம் தொழிலைச் செய்து வயிறு வளர்த்த மக்களே. தொழில் செய்து பிழைக்கும் எளிய மனிதனின் வாழ்க்கையும் காவியத்திற்கு உரிய பொருளே என்பதைத் தமிழ்நாடு முன்பே ஏற்றுக்கொண்டது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகருக்குச் செல்வோம்.

அந்நகரில் 1939ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ஹார்வி பெக்கார் என்பவர் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்தியவர். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி. குடிபெயர்ந்தோர் மக்களின் நிலை எத்தகையது என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. வளர்ந்தபின் பெக்கார் சில வேலைகளில் அமர்ந்தார்; நிலைக்கவில்லை. இறுதியில் 1960களின் நடுவில், முன்னாள் படைவீரர்க்கென அரசு நடத்தும் மருத்துவமனையில் கோப்புக்களை எடுத்து அடுக்கும் எழுத்தர் ஆனார். 2001இல் ஓய்வு பெறும் வரையில் அவ்வேலையிலேயே இருந்தார். பதவி உயர்வு தேடி வந்தபோதும் அதனை அவர் ஏற்கவில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வரும். மாலையில் வீடு திரும்பலாம். படிக்கலாம், எழுதலாம், ஜாஸ் இசைத்தட்டுக்களைத் தேடி அலையலாம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த இசைத்தட்டு வேட்கையே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1962இல் ராபர்ட் கிரம் என்னும் இளைஞர் கிளீவ்லாந்தில் வாழ்த்து அட்டைகள் அச்சிடும் நிறுவனம் ஒன்றில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பழைய இசைத்தட்டுக்களில் பெரும் பித்து. இருவரும் நண்பர் ஆயினர். கிரம் பின்னர் சான்பிரான்சிஸ்கோ சென்று, 1968இல் 'ஜாப்' என்னும் இதழின் வாயிலாகத் தலைமறைவுச் சித்திரக் கதை இயக்கத்தின் முதல்வராகப் புகழ் பெற்றார்.

தலைமறைவுச் சித்திரக் கதை என்று ஏன் பெயர் வந்தது என்பதையும் சொல்லிவிடுதல் வேண்டும். சித்திரக் கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்னும் கூக்குரல் 1950களில் அமெரிக்காவில் ஓங்கியது. செனட் சபையின் குழு ஒன்றும் அதனை விசாரித்தது. அரசின் தலையீட்டிற்கு அஞ்சிய பதிப்பாளர்கள் 1954இல் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுதியை வகுத்துக்கொண்டனர். அதன் முத்திரை இல்லாத இதழ்களை விற்பனையாளர்கள் வாங்கத் தயங்கினர். ஆகவே வயது வந்தோர் படிக்கத்தக்க சித்திரக் கதை ஏறத்தாழ மறைந்தது. வானில் பறக்கும் வீரர்களும் சிரிப்பு விலங்குகளுமே எஞ்சினர். அம்முத்திரையை நாடாமல், பெரிய பதிப்பாளர்களையும் நாடாமல், சிறு அச்சகங்களில் அச்சிட்டு வழக்கமான கடைகளுக்குப் புறம்பே விற்றவையே தலைமறைவு இதழ்கள். அவற்றுள் கீழ்மையானவையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அக்கதவு வழியேதான் உண்மையும் உள்ளே நுழைந்தது.

கிரம்மின் வெற்றியைக் கண்ட பெக்காருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நாவல் மனித வாழ்க்கை முழுவதையும் சொல்கின்றது; நாடகமும் சொல்கின்றது; சித்திரக் கதை மட்டும் ஏன் பறக்கும் வீரனோடு நின்றுவிட வேண்டும்? தாம் வேலை பார்க்கும் கோப்பறை, உடன் பணி புரிவோரின் பேச்சு, கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னே ஒரு கிழவி சில்லறைக்காக வாதாடும் காட்சி, குளிர்காலக் காலையில் கிளம்ப மறுக்கும் மோட்டார் வண்டி ஆகியவற்றை அவர் எழுதத் தொடங்கினார். ஆனால் அவருக்கு வரையத் தெரியாது. கட்டம் போட்டு, அதற்குள் குச்சி போன்ற மனித உருவங்களைக் கிறுக்கி, அவர்கள் பேசுவதை மேலே எழுதிக் கிரம்மிடம் காட்டினார். கிரம் அதனை வரைய முன்வந்தார். பின்னர்ப் பலரும் முன்வந்தனர். 1976இல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' என்னும் இதழின் முதல் வெளியீடு தோன்றியது. அச்சுக்கூலி பெக்காரின் எழுத்தர்ச் சம்பளத்திலிருந்து சென்றது. ஆண்டிற்கு ஓர் இதழாக ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவரே வெளியிட்டு வந்தார். இலாபம் என்பது பெரும்பாலும் இல்லை. 1987இல் அதன் தொகுப்பிற்கு 'அமெரிக்கன் புக் அவார்டு' என்னும் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற பின்னரும் கோப்பறைக்குச் செல்வதை அவர் விடவில்லை.

அவர் எழுதிய கதைகளுள் ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். தொலைபேசி அகராதியில் தம் பெயரைத் தேடிய பெக்கார், அதே பெயருடன் இன்னொருவரும் இருப்பதைக் கண்டு வியக்கின்றார். பின்னர் அப்பெயருடையவர் மேலும் தோன்றுகின்றார். அவர்கள் இறந்த செய்தியையும் அவர் படிக்கின்றார். யார் அவர்கள்? எப்படி வாழ்ந்தனர்? ஒரு பெயர்க்குள் இருப்பது என்ன? இவ்வளவே கதை. தில்லியின் அமைச்சகம் ஒன்றில் பணியாற்றியவர்க்கு இது நன்கு விளங்கும். ஒரே கட்டடத்தில் நான்கு சுப்பிரமணியன்கள் இருப்பர். பட்ஜெட் சுப்பிரமணியன், ஸ்டோர்ஸ் சுப்பிரமணியன், காஷ் சுப்பிரமணியன் என்று பிரிவின் பெயரால் அழைக்கப்படுவர். ஓய்வு பெற்ற மறுநாள் அடைமொழி போய்விடும், ஆளும் மறக்கப்படுவார். அம்மறதியை எதிர்த்து எழுதியவர் பெக்கார்.

அவர் வாழ்க்கை 2003இல் அதே பெயரில் திரைப்படமாயிற்று. ஷாரி ஸ்பிரிங்கர் பெர்மன், ராபர்ட் புல்சினி என்னும் தம்பதியர் இயக்கினர். பெக்காராகப் பால் ஜியாமட்டி நடித்தார்; பெக்காரின் மனைவி ஜாய்ஸ் பிராப்னராக ஹோப் டேவிஸ் நடித்தார். சன்டான்ஸ் விழாவில் முதற்பரிசும், கான் விழாவில் திரைத் திறனாய்வாளர் பரிசும் அதற்குக் கிடைத்தன.

படத்தின் அமைப்பு கருதத்தக்கது. தொடக்கத்தில் 1950ஆம் ஆண்டு. சிறுவர் சிலர் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் கேட்கின்றனர். ஒவ்வொருவனும் ஒரு சித்திரக் கதை வீரனாக வேடமிட்டிருக்கின்றான். ஒரு சிறுவன் மட்டும் நாள்தோறும் அணியும் உடையில் நிற்கின்றான். "நீ யார்?" என்று வீட்டார் வினவ, தன் பெயரையே சொல்கின்றான். படம் முழுவதற்கும் அச்சிறுவனின் விடையே பொருள். அதன்பின் நடிகர் நடிக்கும் காட்சிகள் வருகின்றன. இடையிடையே உண்மையான பெக்காரே திரையில் தோன்றி, தம்மைப் பற்றித் தாமே பேசுகின்றார். ஓரிடத்தில் பெக்காரின் கதையை நாடகமாக நடிக்கும் மற்றொரு நடிகரை, பெக்காராக நடிக்கும் நடிகர் அவையில் அமர்ந்து பார்க்கின்றார்! வரையப்பட்ட பெக்கார்களும் திரையில் அசைகின்றனர். ஒரு மனிதனின் வாழ்க்கையை இன்னொருவன் நடித்துக் காட்டும்போது எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்னும் வினாவை இயக்குநர்கள் மறைத்து வைக்கவில்லை. பார்ப்பவர் கண்முன்னே வைத்துவிட்டனர்.

புகழ் வந்தபோது என்ன நேர்ந்தது என்பதையும் படம் காட்டுகின்றது. 1980களின் பிற்பகுதியில் டேவிட் லெட்டர்மன் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பெக்கார் பன்முறை அழைக்கப்பட்டார். அவரை ஒரு வேடிக்கை மனிதராக நிறுத்தி அவையோரைச் சிரிக்க வைப்பதே அங்கே நோக்கம். பெக்கார் அதனை உணர்ந்தார். அத்தொலைக்காட்சிக்கு உரிமை பூண்ட பெரும் வணிக நிறுவனத்தையே அந்நிகழ்ச்சியில் அமர்ந்து கண்டித்தார். எளியவனை மேடையேற்றுவோர் எல்லாரும் அவனை மதிப்பவர் அல்லர் என்பது இங்கே நாம் கற்கும் பாடம். 1990இல் அவரைப் புற்றுநோய் பற்றியது. அத்துன்பத்தையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதினர். பிராங்க் ஸ்டாக் வரைய, 1994இல் அது நூலாயிற்று. 2010 ஜூலை 12இல் பெக்கார் மறைந்தார்.

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். படத்தைக் கருவியாகக் கொண்டு, தலைமறைவாக இதழ் நடத்தி, பின்னாளில் திரைப்படத்திற்கும் பொருளான எழுத்தாளர் தமிழர்க்குள் ஒருவர் இருந்தாரா என்று கேட்டால், இருந்தார். அவர் பெயரைச் சூடிய சாலை இந்த லோதி ரோட்டிற்கு அருகிலேயே உள்ளது. சுப்பிரமணிய பாரதியாரையே குறிப்பிடுகின்றோம்.

பாரதியாரைக் கவிஞராக அறியாதவர் இவ்வவையில் இலர். ஆனால் தமிழ் இதழியலில் அரசியல் கேலிச் சித்திரத்தைப் புகுத்தியவர் அவரே என்பதை அறிந்தவர் சிலரே. 1906இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய 'இந்தியா' வார இதழின் முகப்பில் பெரிய சித்திரம் ஒன்று இடம் பெறும்; அதன் பொருளை விளக்கும் உரையும் உடன் வரும். எழுத்தறிவு குறைந்த நாட்டில் படம் சென்று சேரும் தொலைவிற்குக் கட்டுரை செல்லாது என்பதைப் பாரதியார் உணர்ந்திருந்தார். பெக்காரைப் போலவே பாரதியாரும் தூரிகை பிடித்தவரல்லர். கருத்து அவருடையது, வரைந்த கை ஓவியருடையது. அச்சித்திரங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994இல் நூலாக்கினார். அதனைப் புரட்டுவோர்க்குப் பாரதியாரின் நகைச்சுவை எத்துணைக் கூர்மையானது என்பது விளங்கும்.

அமெரிக்க இதழ்கள் 'தலைமறைவு' என்று பெயர் பெற்றது ஒரு விதித்தொகுதியை மீறியதால். 'இந்தியா' உண்மையாகவே தலைமறைவானது சிறைக்கு அஞ்ச வேண்டியிருந்ததால். 1908இல் அரசு அவ்விதழின்மீது இராஜத்துரோக வழக்குத் தொடுத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். ஏட்டில் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த சீனிவாசன் என்பவர் கைதாகி ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் அது வாராமல் அரசு தடுத்தது. 1910இல் அது நின்றுபோயிற்று. அக்காலத்திலேயே, முற்றிலும் சித்திரங்களாலாகிய 'சித்திராவளி' என்னும் இதழைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தப் பாரதியார் திட்டமிட்டார். அது கைகூடவில்லை. கைகூடியிருப்பின் தமிழில் சித்திர இதழின் வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டதாக இருந்திருக்கும்.

தம் வாழ்க்கையையும் பாரதியார் பொருளாக்கினார். 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடல் 1910இல் வெளிவந்தது. முற்றுப் பெறாத 'சின்னச் சங்கரன் கதை'யில் தம்மையே நகையாடிக்கொண்டார். 1920இல் தம் நூல்கள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாக வெளியிட விழைந்து நண்பர்களிடம் பொருள் வேண்டினார். பொருள் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார், அகவை முப்பத்தெட்டு. அவர் படைப்புக்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கு வழங்கியது.

2000இல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'பாரதி' திரைப்படம் வெளிவந்தது. பாரதியாராக நடித்தவர் மராட்டியராகிய சாயாஜி ஷிண்டே, செல்லம்மாளாகத் தேவயானி, இசை இளையராஜா. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே சென்ற பாரதியாரின் இறுதி ஊர்வலத்தோடு படம் தொடங்குகின்றது. இயக்குநரின் துணிவு அது; பெரும்புலவரின் இறுதிப் பயணத்தில் தமிழர் எவ்வளவு பேர் நடந்தனர் என்று தமிழரையே கேட்கின்றது. ஆனால் பெக்கார் படத்திற்கு வாய்த்த ஒரு வசதி இதற்கு இல்லை. பாரதியாரின் குரற்பதிவு நமக்குக் கிட்டவில்லை. ஒளிப்படங்களும் மிகச் சிலவே. மறைந்து எழுபத்தொன்பது ஆண்டுகள் சென்றபின் எடுக்கப்பட்ட படத்தில், "நான் அப்படிப் பேசவில்லை" என்று நடுவே வந்து சொல்லப் பாரதியார் இல்லை. இருக்கும்போது பதிவு செய்யாத வாழ்க்கையைப் பின்னர்க் கற்பனையால்தான் நிரப்ப வேண்டியுள்ளது.

அதே இயக்குநர் 2014இல் கணித மேதை இராமானுசனின் வாழ்க்கையையும் படமாக்கினார். இராமானுசன் 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். ஆகவே தமிழிலும் ஓர் எழுத்தரின் வாழ்க்கை திரையேறியுள்ளது என்று சொல்லலாம். ஆனால் இராமானுசன் எழுத்தராக இருந்தும் மேதையாக விளங்கியதால் படத்திற்குரியவர் ஆனார். பெக்காரோ எழுத்தராக வாழ்ந்த வாழ்வை உள்ளவாறே எழுதியதால் படத்திற்குரியவர் ஆனார். முன்னது நமக்குப் பெருமை தருவது. பின்னது நமக்கு ஒரு கடமையைச் சுட்டுவது. மேலே குறித்த சீனிவாசனையே எண்ணுங்கள். ஏட்டில் பெயர் இருந்த ஒரே காரணத்தால் ஐந்தாண்டுத் தண்டனை பெற்ற அவர் வீட்டில் அந்நாள்களில் அடுப்பு எவ்வாறு எரிந்தது? அதனைப் படமெடுக்க எவரும் எண்ணவில்லை.

இப்போது நம் வாயிலுக்கு வருவோம். நாம் கூடியிருக்கும் இச்சாலையை ஒட்டி லோதி காலனி உள்ளது. 1940களில் பிரிட்டிஷ் அரசு தன் அலுவலர்க்கெனக் கட்டிய குடியிருப்பு அது. உயர்ந்த வளைவு வாயில்களைக் கொண்ட அதன் சுவர்களில் 2015ஆம் ஆண்டு தொடங்கி உள்நாட்டு ஓவியரும் வெளிநாட்டு ஓவியரும் வந்து மாபெரும் சித்திரங்களைத் தீட்டியுள்ளனர். அவற்றைக் காணத் தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். சுவரின் வெளிப்புறத்திற்கு வண்ணம் வந்துவிட்டது, நன்று. சுவரின் உட்புறத்தில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கையை வரைந்தவர் யார்?

தலைநகர்த் தமிழரின் தொடக்க வரலாறு பெரும்பாலும் எழுத்தர்களின் வரலாறே. வேனிலில் சிம்லா, குளிரில் தில்லி என்று அரசாங்கத்தோடு இடம்பெயர்ந்தவர் சிலர். விடுதலைக்குப்பின் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, ஒரு டிரங்குப் பெட்டியும் தட்டெழுத்துச் சான்றிதழும் கொண்டு வந்து இறங்கியவர் பலர். எல்.டி.சி.யாகச் சேர்ந்து, யு.டி.சி.யாகி, அசிஸ்டெண்டாகி, நல்வினை இருப்பின் செக்‌ஷன் ஆபீஸராகி ஓய்வு பெற்றவர் எத்தனை பேர்! இந்தியில் ஒரு சொல்லும் அறியாமல் வந்து, காய்கறி வண்டிக்காரனிடமே அம்மொழியைக் கற்று, விடியுமுன் தில்லிப் பால் திட்டத்துச் சாவடியில் புட்டியுடன் வரிசையில் நின்று, ஊரிலிருந்து வந்த மைத்துனர்க்கும் மருமகனுக்கும் ஈரறை வீட்டில் இடம் கொடுத்து அவர்க்கும் வேலை கிடைக்கும் வரை சோறு போட்ட தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களுள் பறக்கும் வீரர் ஒருவரும் இலர். ஆனால் நாட்டின் கோப்புக்கள் நகர்ந்தது அவர்கள் கையால். சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும் எழுந்தது அவர்கள் சந்தாவால்.

இவ்வாழ்க்கையை எழுத்தில் தொட்டவர் உண்டு. தேசிய புத்தக நிறுவனத்தில் பணியாற்றிய ஆதவன் 'காகித மலர்கள்' முதலிய படைப்புக்களில் தில்லித் தமிழரின் உள்ளத்தைத் திறந்து காட்டினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணி புரிந்த இந்திரா பார்த்தசாரதி இந்நகரின் அதிகார உலகை நாவலாக்கினார். சித்திரத்திலும் இந்நகர் பிறமொழியார் கண்ணில் பட்டுவிட்டது. நருமதை அணையைப் பற்றி ஓரிஜித் சென் 1994இல் வெளியிட்ட சித்திர நூலும், தில்லியைக் களமாகக் கொண்டு சார்நாத் பானர்ஜி 2004இல் எழுதிய 'காரிடார்' என்பதும், நெருக்கடி நிலையை வைத்து விஸ்வஜோதி கோஷ் 2010இல் வரைந்த 'டெல்லி காம்' என்பதும் அறிஞர் கவனத்தைப் பெற்றுள்ளன. தமிழிலோ சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் புறப்பட்டு ஒரு தலைமுறையையே படிக்க வைத்தது. ஆனால் அதில் உலவியவர் பெரும்பாலும் மேனாட்டு வீரரும் துப்பறிவோருமே. தில்லியில் வாழ்ந்த தமிழ் எழுத்தரின் ஒரு நாள் இன்னும் கட்டத்திற்குள் வரவில்லை.

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புக்களை இடித்துப் புதிதாகக் கட்ட நடுவண் அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது. தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்த தெருக்கள் அவற்றுள் உண்டு. வீடு இடிந்தபின் அதன் நினைவு தங்குமிடம் மனம் ஒன்றே. மனமும் முதுமை அடைகின்றது. நொய்டாவிலும் குருகிராமிலும் வளரும் நம் பேரக் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர். பலர்க்குப் படிக்க வராது. தாத்தா எழுதிய நாற்பது பக்கத் தன்வரலாற்றை அவர்கள் திறக்க மாட்டார்கள். தாத்தாவைப் படமாகக் கண்டால், அவர் வாயருகே எழுதியுள்ள நான்கு சொற்களை எழுத்துக் கூட்டியாவது படிக்க முயல்வார்கள்.

ஆகவே, ஆட்சிக் குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு மலரில் எட்டுப் பக்கங்களை ஒதுக்குங்கள். ஓய்வு பெற்றோரும் இல்லத்துத் தாய்மார்களும் தம் வாழ்வில் ஒரே ஒரு நாளை எழுதித் தரட்டும். முதன்முதல் அலுவலகம் சென்ற நாள், வீடு ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த நாள், ஊரிலிருந்து தந்தி வந்த நாள், எதுவாயினும் ஆகுக. வரையத் தெரிந்த இளைஞர் அதனை வரையட்டும். எழுதுபவர்க்கு வரையத் தெரியாமை ஒரு குறையன்று. பாரதியார்க்கும் பெக்காருக்கும் அஃது இடையூறாகவில்லை.

இரண்டு நெறிகளை மட்டும் கடைப்பிடிக்குமாறு வேண்டுவோம். வேடம் வேண்டா, பெருமைக்குரியது மட்டுமன்றிச் சிறுமைக்குரியதும் வரட்டும். பதவி உயர்வு கிடைக்காத ஆண்டும் வரலாறே. அடுத்து, நம் கதையில் பிறர் வரும்போது அவர் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். பெக்காரின் கதைகளில் உடன் பணி புரிந்தோரும் மனைவியும் இடம் பெற்றனர். தம்மை வரைந்த விதம் பற்றி மனைவி கடிந்துகொள்வதையும் படம் மறைக்கவில்லை. உண்மை பேசுவதற்கு உரிமை உண்டு. அண்டை வீட்டாரை அழ வைப்பதற்கு உரிமை இல்லை.

"இவற்றை யார் படிப்பர்?" என்று சிலர் கேட்கலாம். 1976இல் கிளீவ்லாந்திலும் அவ்வாறே கேட்டிருப்பர். திரைப்படம் வரும், விருது வரும் என்று நாம் உறுதி கூறவில்லை. வாராமற்போயினும் இழப்பில்லை. நம் மக்கள் நம்மைக் கற்பனையால் நிரப்ப வேண்டிய நிலை வாராமல், நாமே சொல்லிவிட்டுச் சென்றோம் என்னும் நிறைவு ஒன்றே போதும். காஞ்சியின் சிற்பி மன்னர்க்குச் செய்ததை, தாராசுரத்தின் சிற்பி அடியார்க்குச் செய்ததை, நாம் நம் தாய் தந்தையர்க்குச் செய்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!